முன்பக்கப் படம்

கொக்கிரகுளத்தில், இரண்டாம் மாடியில்,
ஏசி சொட்டும் வாளியை ஓரமாய் நகர்த்திவிட்டு
தில்லியைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.
திரையில் தேசம் முழுக்கப் புள்ளிகள்.
பச்சை என்றால் குடியேறிய வீடு,
மஞ்சள் என்றால் இன்னும் முடியாதது,
சிவப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.
"திருநெல்வேலி ஏன் இன்னும் மஞ்சள்?"
என்றது ஒரு குரல், இந்தியில் ஒருமுறை,
எங்களுக்காக ஆங்கிலத்தில் ஒருமுறை.
செயற்பொறியாளர் தமிழில் தொண்டையைச் செருமினார்.

அந்த மஞ்சளில் ஒன்று
முக்கூடலில், பீடிக் கம்பெனிக்குப் பின்தெருவில்.
பயனாளி எண்ணின் கடைசி மூன்று இலக்கம் நானூற்றுப் பன்னிரண்டு.
பெயர் முப்பிடாதி.
கணவர் பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு கோடு.
அஸ்திவாரத்தை நான்தான் படம் எடுத்தேன்.
குழிக்குள் இறங்கி நிற்கச் சொன்னேன்,
செயலி முகம் கேட்கும்.
"சமாதிக்குப் படம் புடிக்க மாதிரில்லா இருக்கு"
என்றாள், சிரிக்காமல்.

முதல் தவணை வந்தது.
இரண்டாவது வருவதற்குள்
சிமெண்ட் மூட்டைக்கு நாற்பது ரூபாய் ஏறி,
கம்மல் ரெண்டும் அடகுக் கடையில் இறங்கி,
லிண்டல் மட்டத்தோடு நின்றுபோனது சுவர்,
எட்டு மாதம்.
கூரையில்லாத அந்த நாலு சுவருக்குள்
எவர் வீட்டு ஆடோ வந்து குட்டி போட்டது.
குடியேறியவர் விவரத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.

வரைபடம் எல்லோருக்கும் ஒன்றுதான்:
முந்நூற்று இருபது சதுர அடி,
தெருவைப் பார்த்துக் கதவு,
கதவுக்கு வலப்புறம் சன்னல்.
இந்த முறை நான் போனது காலை ஏழு மணிக்கு.
கூரை காய்ந்திருந்தது. கதவு இருந்தது.
சன்னல் இல்லை.
வலப்புறம் முழுக்க மொட்டைச் சுவர், பூச்சு ஈரம்.
உள்ளே போய்ப் பார்த்தால்
சன்னல் கிழக்குச் சுவருக்குப் போயிருந்தது,
தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்.
எந்தப் பொறியாளரும் அப்படி வைக்கமாட்டார்.

"உக்காந்து சுத்துதவளுக்கு
வெளிச்சம் மடியில விழணும்லா, சார்.
நின்னுக்கிட்டு எவ பீடி சுத்துதா?"

விழுந்தது.
மடியிலிருந்த சுளகில், நறுக்கிய இலையில், தூளில்,
நகத்துக்குப் பதில் அவள் மாட்டியிருந்த தகரத் துண்டில்.

நான் ஒப்பந்த ஊழியன்.
மார்ச் முப்பத்தொன்றுக்குப் பிறகு
என்னைப் புதுப்பிப்பார்களா தெரியாது.
'வரைபடத்திலிருந்து விலகல்' என்று ஒரு கட்டம் இருக்கிறது.
அதைத் தொட்டால் கடைசித் தவணை நிற்கும்,
குழு வரும், குழுவுக்கு டீயும் வடையும்
முப்பிடாதிதான் வாங்கவேண்டியிருக்கும்.
தொடாவிட்டால்
முன்பக்கப் படத்தில் சன்னல் எங்கே என்று
யாராவது ஒருநாள் கேட்கலாம்.

சேலையைக் காயப்போட்டுப் பார்த்தோம், காற்று தூக்கியது.
சைக்கிளைச் சாத்திப் பார்த்தோம், கம்பிகளுக்கிடையே சுவர் தெரிந்தது.
கடைசியில் சொன்னேன்:
"சன்னல் இருக்கவேண்டிய எடத்துல
நீங்களே நில்லுங்க."

நின்றாள்.
"கொஞ்சம் வலப்பக்கம்."
நகர்ந்தாள். அகலம் போதாதென்று
இலைக்கட்டு ஒன்றை இடுப்பில் ஏந்திக்கொண்டாள்.
பதினொரு செயற்கைக்கோள் கிடைத்தது,
துல்லியம் நான்கு மீட்டர்.
திரையில் அந்தச் சின்ன வட்டம்
சுற்றியது, சுற்றியது,
பிறகு பச்சை.

இப்போது தில்லியில், ஏதோ ஒரு கணினிக்குள்,
இல்லாத சன்னலை மறைத்துக்கொண்டு
முப்பிடாதி நிற்கிறாள்.
யாரோ அதிகாரி படத்தைப் பெரிதாக்கி
இந்த அம்மா சற்றே விலகியிருக்கலாம் என்று நினைக்கலாம்.
விலகமாட்டாள்.

வண்டியை எடுக்கும்போது கேட்டாள்,
"ஒங்க வீடு எங்க சார்?"
"தச்சநல்லூர். வாடகைதான்."
"சன்னல் எந்தப் பக்கம்?"

இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவன்.
பேட்டை தாண்டும்வரை
யோசித்துக்கொண்டே வந்தேன்.